ஐஸில் உப்புப் போட்டால் ஐஸ் உருகத்தானே செய்கிறது, பிறகு ஐஸ்கிரீம் எப்படி உறைகிறது?

இந்தச் சந்தேகம் எனக்கும் பத்து வயதில் இருந்தது. அதனால் மாமாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மதுரை தெற்குவாசல் பக்கம் என் தாய்மாமா தள்ளுவண்டியில் ஜிகர்தண்டா போட்டுக்கொண்டிருந்தார். அதன்மேல் வைக்கிற ஐஸ்கிரீமை வீட்டிலேயே கையால் சுற்றி எடுப்பார். மரத்தொட்டிக்கு நடுவில் உயரமான தகர டின், டின்னுக்குள் சீனி போட்டுச் சுண்டக் காய்ச்சிய பால், சுற்றிலும் உடைத்த ஐஸ், அதன்மேல் கல் உப்பு. மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு என்பது அவர் கணக்கு.

அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம் என்னை உப்பு வாங்கிவர அனுப்பினார். ஐஸைக் கரைத்து வீணாக்குகிற சாமானுக்கு இவ்வளவு காசா என்று எனக்கு. இரண்டு கை உப்பு மட்டும் வாங்கிக்கொண்டு, மிச்சக் காசுக்குப் பருத்திப்பால் குடித்துவிட்டு வந்தேன். ஒரு மணி நேரம் மாறி மாறிச் சுற்றினோம். டின் சில்லென்றிருக்கிறது, உள்ளே பால் பாலாகவே இருக்கிறது.

"உப்பு பத்தலடா மாப்ள. மிச்சக் காச எங்க விட்ட?"

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெறும் ஐஸ் உருகும்போது பூஜ்யம் டிகிரியிலேயே நிற்கும். ஆனால் சீனி கரைந்த பால் பூஜ்யத்தில் உறையாது, அதற்கு இரண்டு மூன்று டிகிரி கீழே போக வேண்டும். அதனால் வெறும் ஐஸுக்கு நடுவில் விடிய விடியச் சுற்றினாலும் குளிர்ந்த பால்தான் மிஞ்சும்.

உருகுவது என்பதே சூட்டைத் தின்கிற வேலை. ஒரு கிராம் ஐஸ் தண்ணீராக மாற 80 கலோரி வேண்டும். அதே 80 கலோரியை ஒரு கிராம் தண்ணீருக்குக் கொடுத்தால் அது பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்குக் கொதிக்கக் கொதிக்க ஏறிவிடும்! ஐஸோ அவ்வளவையும் விழுங்கிவிட்டு, உருகி முடியும்வரை ஒரு டிகிரிகூட ஏறாது. பள்ளியில் இதை உள்ளுறை வெப்பம் என்று படித்திருப்பீர்கள்.

இப்போது உப்பு. உருகும் ஐஸின் மேல் எப்போதும் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். ஐஸிலிருந்து மூலக்கூறுகள் பிரிந்து அந்தத் தண்ணீருக்கு வரும். தண்ணீரிலிருந்து சில திரும்பிப் போய் ஐஸோடு ஒட்டிக்கொள்ளும். பூஜ்யம் டிகிரியில் வரவும் போக்கும் சமம். அந்தத் தண்ணீரில் உப்பு கரைந்துவிட்டால் திரும்பிப் போவது குறைந்துவிடும், பிரிந்து வருவது மட்டும் நிற்காது. ஐஸ் மளமளவென்று உருகும். உருகுவதற்கான சூட்டை யார் கொடுப்பது? அடுப்பா இருக்கிறது? தன்னிடமிருந்தும், டின்னிடமிருந்தும், டின்னுக்குள் இருக்கிற பாலிடமிருந்தும்தான் பிடுங்கியாக வேண்டும். ஆக, உப்பு குளிரைக் கொண்டுவருவதில்லை. ஐஸை அவசரப்படுத்தி உருகவைக்கிறது, அந்த அவசரத்துக்குப் பால் பலியாகிறது.

இப்படி மைனஸ் 21 டிகிரிவரை இறக்கலாம். அதற்குக் கலவையின் எடையில் சுமார் 23 சதவீதம் உப்பு இருக்க வேண்டும். மாமாவின் மூன்றுக்கு ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எங்கே படித்தாரோ! ஃபாரன்ஹீட் 1724இல் தன் வெப்பநிலை அளவுகோலின் பூஜ்யத்தை வைத்ததும் இந்த மாதிரிக் கலவையில்தான்: ஐஸ், தண்ணீர், நவச்சாரம் என்கிற அம்மோனியம் குளோரைடு உப்பு.

அன்றைக்கு மறுபடி ஓடிப்போய் உப்பு வாங்கிவந்து கொட்டினோம். ஐஸ் படபடவென்று வெடித்தது. ஐஸுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த டின்னின் கழுத்தில் அதுவரை முத்து முத்தாக வியர்த்திருந்தது; கொஞ்ச நேரத்தில் அங்கே மாவு தூவினாற்போல் வெள்ளை பூத்தது. நகத்தால் சுரண்டினால் உறைபனி. காற்றிலிருந்த நீராவி தண்ணீராகாமலே நேராக ஐஸாகிப் படிந்தது அது. சித்திரை வெக்கையில், மதுரையில்! இருபது நிமிடத்தில் கைப்பிடி இறுகிவிட்டது.

இறுகினாலும் அது முழுக்கத் திடப்பொருள் இல்லை. தண்ணீர் உறைய உறைய மிச்சப் பாலில் சீனி அடர்த்தியாகிக்கொண்டே போகும். அது உறைய இன்னும் குளிர் வேண்டும். அதனால் பொடிப்பொடி ஐஸ் துகளுக்கு நடுவே உறையாத சீனிப்பாலும் காற்றுக்குமிழியும் மிஞ்சும். கரண்டி இறங்குவது அதனால்தான். சுற்றாமல் விட்டால் துகள் பெரிதாகி, நாக்கில் மணல் மாதிரி நறநறக்கும்.

வீட்டில் செய்து பார்ப்பதானால் உப்பு ஐஸை வெறுங்கையால் பிடிக்காதீர்கள், தோல் புண்ணாகிவிடும். மூடியையும் துணியால் துடைத்துவிட்டுத் திறங்கள். ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் உள்ளே போனால் மொத்தப் பாலும் போச்சு. அப்புறம் தொட்டியில் மிஞ்சுவதைச் செடிக்கு ஊற்ற வேண்டாம். மாமா அதை மொட்டை மாடியில் அகலமான தட்டுகளில் ஊற்றி வைப்பார். இரண்டு மூன்று நாள் வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போய், அடுத்த தடவைக்கு உப்பு மட்டும் தட்டில் கிடக்கும்.