மீந்துபோன மாத்திரைகள்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்குப் பல ஆண்டுகளாக சுகரும் பிரஷரும் இருக்கின்றன. குடியாத்தத்திலிருந்து மாதம் ஒருமுறை வேலூருக்கு அழைத்துச் சென்று காட்டுகிறேன். சென்ற வாரம் மாத்திரை டப்பாவைத் திறந்தபோது பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. கேட்டால், “உடம்பு நல்லாத்தானே இருக்குது” என்கிறார். டாக்டர் திட்டியும் பயனில்லை. படிப்பறிவு இல்லாததுதான் காரணமா? எப்படிப் புரியவைப்பது?

வாசகி, குடியாத்தம்

அன்புள்ள வாசகிக்கு,

படிப்பறிவு காரணமல்ல. நீண்டகால நோய்களுக்கு மருந்து உண்போரில், வளர்ந்த நாடுகளிலேயே ஏறத்தாழப் பாதிப்பேர்தான் சொன்னபடி உண்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2003-ஆம் ஆண்டு அறிக்கை கூறியது.

அம்மாவின் பதிலை அறியாமை என்று நான் கொள்ளமாட்டேன். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தலாம் என்று வாழ்நாளெல்லாம் கண்டவருக்கு, வலியே காட்டாமல் சிறுநீரகத்தைக் கெடுக்கும் ரத்தக்கொதிப்புக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்பதை யாரேனும் பொறுமையாக எடுத்துச் சொன்னார்களா?

டப்பாவில் எந்த மாத்திரை மீந்திருக்கிறது என்று பாருங்கள். பிரஷருக்குத் தரும் நீர் மாத்திரையாக இருந்தால், அதை விழுங்கிய சில மணி நேரத்துக்கு அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும். கழனியில் நாளெல்லாம் நிற்கும் பெண்ணும், வேலூர் வரை பேருந்தில் உட்கார்ந்து வரவேண்டிய பெண்ணும் அதை அன்றைக்குத் தள்ளிவைக்கிறார்கள்; ஆண் மருத்துவரிடம் இதை வாய்விட்டுச் சொல்லவும் கூசுகிறார்கள். மருத்துவமனைக்குப் போகும் நாளிலேயே மாத்திரை தவறுவதால் அன்று பிரஷர் கூடுதலாகத் தெரிகிறது, திட்டு விழுகிறது, சில சமயம் மருந்தின் அளவும் கூடிவிடுகிறது. திட்டு வாங்கியவர் அடுத்த முறை “தவறாமல் போடுகிறேன்” என்றுதான் சொல்வார்.

சுகருக்கான கிளிமிபிரைடு மீந்திருந்தால், சாப்பாட்டு நேரத்தை விசாரியுங்கள். அதை விழுங்கிவிட்டு வேலை மும்முரத்தில் சாப்பிடத் தாமதித்தால், சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். ஒருமுறை அப்படிப் பட்டவர் மறுநாள் அந்த மாத்திரையைத் தொடத் தயங்குவது இயல்பே.

இப்படி மருந்தின் விளைவுக்கு அஞ்சி அதைத் தள்ளிவைப்பது சுகர், பிரஷரோடு நிற்பதில்லை. தொழுநோய் மருத்துவத்துக்குப் பேர்போன கரிகிரி நம் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த நோய்க்கு உலக சுகாதார நிறுவனம் 1982 முதல் பரிந்துரைத்த கூட்டு மருந்துகளில் ஒன்றான குளோபாசிமின் தோலைக் கருக்கச் செய்யும். நோயை ஊருக்கு மறைத்து வாழ்பவரை, குணமாக்கும் மருந்தே காட்டிக்கொடுத்துவிடும் என்ற அச்சம் எளிதானதா? சிகிச்சை முடிந்தபின் நிறம் மெல்லத் திரும்பும் என்பதை முதல் நாளே சொல்லாமல் மாத்திரை அட்டையை மட்டும் கொடுத்தனுப்பினால் அவர் எப்படித் தொடர்வார்?

ஆகவே அடுத்த முறை போகும்முன், எதை விழுங்கினால் என்ன செய்கிறது என்று அம்மாவிடம் தனியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். காரணம் தெரிந்துவிட்டால், நேரத்தை மாற்றித் தருவதோ வேறு மாத்திரை எழுதுவதோ மருத்துவருக்குப் பெரிய காரியமல்ல. பேருந்துச் செலவும் அலைச்சலும் தடையென்றால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.