மலருக்கு மேலே என்ன?

அன்புள்ள அக்கா,

நாமக்கல் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். என் வகுப்பில் ஒரு பெண். அப்பா, அம்மா இருவருக்கும் விசைத்தறியில் வேலை. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று குழுவாகப் பிரிப்போம், அதில் அவள் எப்போதும் மேல்நிலையான 'மலர்'தான். ஆனால் மலருக்கு உள்ள கணக்கை நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுகிறாள். அப்புறம் சும்மா இருக்க முடியாமல் பக்கத்துப் பிள்ளைகளை வம்புக்கு இழுத்துத் திட்டு வாங்குகிறாள். தமிழில் நிறைய எழுத்துப்பிழை, கையெழுத்து கோழிக் கிறுக்கல். அவள் பெருக்கல் சொல்வதை அவள் அப்பா வீடியோ எடுத்து வாட்ஸாப்பில் போட்டிருக்கிறார், டிவிக்கு அனுப்பலாமா என்று கேட்கிறார், டபுள் ப்ரமோஷன் போட்டு ஆறாம் வகுப்புக்கு ஏற்றிவிடுங்கள் என்கிறார். 'அரும்பு' நிலைப் பிள்ளைகளுக்கே என் நேரம் போதவில்லை, இவளுக்கு ஒதுக்கினால் அவர்களுக்குத் துரோகம் செய்வது போல இருக்கிறது. அதோடு அவள் கேட்கும் சில கேள்விகள் எனக்கே புரிவதில்லை. என்ன செய்யலாம்?

ச.
(பெயர், ஊர் வேண்டாம்)

அன்புள்ள ச.,

நேரம் பற்றி நீங்கள் எழுதியிருப்பதிலிருந்தே தொடங்குகிறேன், அதுதான் உங்களை உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது. அரும்புப் பிள்ளைகளின் நேரத்தில் ஒரு நிமிடத்தைக்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், பள்ளிக்கு வந்த நாளிலிருந்து இந்தப் பெண் கணக்கில் ஒரு தடவையாவது திணறியிருக்கிறாளா? விழித்து, தப்பாகப் போட்டு, அழித்துவிட்டுத் திரும்பப் போட்டிருக்கிறாளா? உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இல்லை என்றுதான் தோன்றுகிறது. அரும்பில் இருக்கிற பிள்ளை தினமும் அதைத்தான் செய்கிறது. இவளுக்கு அந்தப் பழக்கம் வாய்க்கவே இல்லை. இப்படியே போனால் ஒன்பதாம் வகுப்பிலோ பதினொன்றிலோ முதன்முதலாக ஒரு கணக்கு மடக்கும்போது, தன் மூளை அவ்வளவுதான் போலிருக்கிறது என்று முடிவுகட்டி ஒதுங்கிவிடுவாள். அப்படி ஒதுங்கிய பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதிலும் பெண் பிள்ளைகளை. மார்க் கொஞ்சம் இறங்கினால் போதும், 'படிச்சது போதும்' என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். வாரத்தில் சில தடவையாவது அவள் முட்டிக்கொண்டு நிற்கும்படியான கணக்கு வேண்டும். என்னைக் கேட்டால் அவளுக்கு முதல் தேவை இதுதான், மற்றதெல்லாம் அப்புறம்.

இதற்குத் தனி நேரம் தேவையில்லை. நாளைக்கே செய்து பாருங்கள். கரும்பலகையில் 3 = 1 + 2, 5 = 2 + 3, 6 = 1 + 2 + 3 என்று எழுதிவிட்டு, இப்படி அடுத்தடுத்த எண்களைக் கூட்டி வேறு எந்தெந்த எண்ணைக் கொண்டுவரலாம் என்று மொத்த வகுப்பையும் கேளுங்கள். 7 வரும், 3 + 4. 9 இரண்டு விதமாக வரும், 4 + 5 என்றும் 2 + 3 + 4 என்றும். 15 மூன்று விதமாக வரும், அதை நீங்கள் சொல்லாதீர்கள், யாராவது கண்டுபிடிக்கட்டும். அரும்புப் பிள்ளைகளுக்கு இது நல்ல கூட்டல் பயிற்சி, புளியங்கொட்டையை அடுக்கிச் செய்யட்டும், புது எண் கிடைத்தால் அவர்களும் எழுந்து வந்து பலகையில் எழுதட்டும். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு பிள்ளை கேட்கும், 4 ஏன் டீச்சர் வரமாட்டேங்குது? 8-ம் வராது. 16-ம் வராது. உங்கள் பெண்ணுக்கு வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போகிற எண்கள்தான் வராதவை என்பதை அவள் சீக்கிரமே பிடித்துவிடலாம். ஏன் என்று கேளுங்கள். அதற்குப் பல நாள் ஆகும், சில மாதம்கூட ஆகலாம். கேள்வியை ஒரு தனி நோட்டில் எழுதிக்கொள்ளட்டும், வகுப்பு வேலை முடிந்ததும் பக்கத்துப் பிள்ளையை இழுக்காமல் அந்த நோட்டை எடுக்கட்டும். அழுதாலும் விடையைச் சொல்லிவிடாதீர்கள், கூட உட்கார்ந்து 'எதுவரைக்கும் வந்திருக்கே, காட்டு' என்று மட்டும் கேளுங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். சீக்கிரம் முடித்தவளுக்கு அதே மாதிரி இன்னும் இருபது கணக்கு கொடுக்கிற வழக்கம் பல வகுப்புகளில் இருக்கிறது, பிள்ளை அதைத் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்ளும், அடுத்த தடவை வேண்டுமென்றே மெதுவாகப் போடும். மற்றவர்கள் நோட்டைத் திருத்தும் வேலையும் எப்போதாவது என்றால் சரி, தினமும் என்றால் அவள் கற்றுக்கொள்ள வந்தவள் என்பதே மறந்துபோகும்.

டபுள் ப்ரமோஷனுக்கு வருகிறேன். கணக்கில் அவள் ஆறாம் வகுப்பில் இருக்கலாம், எழுத்தில் மூன்றாம் வகுப்பு, விளையாட்டிலும் அழுகையிலும் ஒன்பது வயதுதான். இந்த மாதிரிப் பிள்ளைகள் இப்படி ஏறுக்குமாறாக வளர்வது சகஜம், மொத்தமாகத் தூக்கி மேலே வைத்தால் ஒரு பக்கம் சரியாகி இரண்டு பக்கம் இடிக்கும். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் 1975-ல் பிறந்த டெரன்ஸ் டாவோவை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதிலேயே உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வகுப்புக்குப் போன பையன், 1986, 1987, 1988 என்று மூன்று வருஷம் சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் வெண்கலம், வெள்ளி, தங்கம் வாங்கியவர், 2006-ல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கமும் பெற்றார். அவ்வளவு பெரிய திறமைக்கே எல்லாப் பாடத்திலும் ஒரே தாவல் போடவில்லை. எந்தப் பாடத்துக்கு எந்த வகுப்பு பொருந்துகிறதோ அங்கே போய் உட்கார வைத்தார்கள். அவருடைய அப்பா குழந்தை மருத்துவர், அம்மா கணக்கு கற்பித்தவர், பள்ளியோடு பேசி இதையெல்லாம் ஏற்பாடு செய்ய அவர்களால் முடிந்தது. உங்கள் மாணவிக்காகப் போய்ப் பேச நீங்கள்தான் இருக்கிறீர்கள். நல்லவேளை, உங்களுடையது நடுநிலைப் பள்ளி, ஆறாம் வகுப்பு அதே வளாகத்தில் இருக்கிறது. எமிஸ் என்கிற மாணவர் பதிவுத் தளத்தில் அவள் நான்காம் வகுப்பாகவே இருக்கட்டும். வாரத்தில் இரண்டு கணக்குப் பீரியடுக்கு அங்கே போய் உட்காரத் தலைமையாசிரியர் மனசு வைத்தால் போதும். பெரிய பிள்ளைகள் நடுவில் பயந்தால் ஒரு வாரம் விட்டுப் பிறகு பாருங்கள்.

எழுத்துப்பிழை விஷயத்தில் இரண்டு பக்கமும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ராமானுஜன் கதை தெரிந்ததுதான், 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர் கணக்கு தவிர மற்றப் பாடங்களில் தோற்று அந்த உதவித்தொகையை இழந்தார், பிறகு சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. என்கிற அந்தக் காலக் கல்லூரித் தேர்வில் தேறவில்லை. ஒரு பக்கம் அத்தனை உயரத்தில் இருந்த பையனுக்கு அந்த விதிகளில் இடமே இல்லை. அதனால் 'தமிழை ஒழுங்காக எழுதினால்தான் கணக்கு நோட்டு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதற்காகத் தமிழை விட்டுவிடவும் கூடாது, நாளைக்கு எந்தத் தேர்வானாலும் அவள் எழுதித்தான் ஆக வேண்டும். இன்னொன்று, இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை எழுத்தில் மட்டும் விடாமல் தடுமாறினால் அதற்குப் பின்னால் கற்றல் குறைபாடு இருக்க வாய்ப்பு உண்டு. கண் பார்வையாகவும் இருக்கலாம். கெட்டிக்காரத்தனம் குறைபாட்டை மறைக்கும், குறைபாடு கெட்டிக்காரத்தனத்தை மறைக்கும், இரண்டும் சேர்ந்து பிள்ளை 'சோம்பேறி' என்று பெயர் வாங்கும். வட்டார வள மையத்தில் இருக்கிற சிறப்புப் பயிற்றுநரை அவளை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அவள் அப்பாவைக் கடிந்துகொள்ள வேண்டாம். நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் நிற்கிற மனிதருக்கு மகளைப் பார்த்துப் பூரிக்க உரிமை இருக்கிறது. ஆனால் டிவி வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அங்கே அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், கைதட்டல் பழகிவிட்டால் கைதட்டல் கிடைக்காத கணக்கை அவள் தொட மாட்டாள். செஸ் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கும், குகேஷ் கதையைச் சொல்லுங்கள். 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர், 2024-ல் உலக சாம்பியன் ஆனபோது 18 வயது. அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை நல்ல நகர்வைத் தானே சொல்லிவிடுகிற கம்ப்யூட்டர் எஞ்சினை வைத்துப் பயிற்சி செய்யவிடவில்லை. பலகையில் காய்கள் நிற்கிற நிலையைப் பார்த்து குகேஷே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான். வீட்டில் அப்பா செய்ய வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. கூலிக் கணக்கை அவளோடு உட்கார்ந்து போடலாம், அவள் திணறும்போது பொறுமையாக இருக்கலாம், தம்பி தங்கை இருந்தால் அவளோடு ஒப்பிட்டுப் பேசாமல் இருக்கலாம்.

பணத்துக்கு வழி இருக்கிறது என்பதையும் இப்போதே அவர் காதில் போட்டுவையுங்கள். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். ஒன்பதாம் வகுப்பில் ட்ரஸ்ட் என்று சொல்கிற ஊரகத் திறனாய்வுத் தேர்வு, அதில் மாவட்டத்துக்கு 50 பெண்கள், 50 ஆண்களுக்கு உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். தறிக்கு அனுப்புகிற பேச்சு எழும்போது இந்தக் கணக்கு உதவும். ஆனால் இவையெல்லாம் எட்டாம் வகுப்பிலும் அதற்கு மேலும்தான். அதுவரை அவளுக்கு நீங்களும் அந்தப் பள்ளியும்தான்.

அவள் கேட்பது புரியவில்லை என்று கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள். நெல்லூரில் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவிடம் 1910-ல் ராமானுஜன் தன் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினார். இந்தப் பையன் பேசுவதில் பொருள் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்கத் தன் கணித அறிவு போதவில்லை என்று ராவ் பிற்பாடு வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். ஆனாலும் துரத்திவிடவில்லை, திரும்ப வரச் சொன்னார், வந்தபோது மறுபடி கேட்டார், கடைசியில் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். நீங்களும் அவளிடம் 'எனக்குத் தெரியலம்மா, சேர்ந்து பார்க்கலாம்' என்று தாராளமாகச் சொல்லலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் 'துளிர்' இதழை வகுப்புக்கு வாங்கிப்போடுங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையக் கூட்டத்தில் கணக்கில் பிடிப்புள்ள ஆசிரியர் யாராவது இருந்தால் அவருடைய நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள், மாதத்துக்கு ஒரு கணக்கு அவரிடம் கேட்டு வாங்கினால்கூட உங்கள் பாரம் பாதியாகும்.

வருஷக் கடைசியில் இவள் ஐந்தாம் வகுப்புக்குப் போகும்போது அங்கே எடுக்கப்போகிற ஆசிரியரோடு நீங்களே உட்கார்ந்து பேசிவிடுங்கள். என்ன கணக்கு கொடுத்தீர்கள், எதில் நின்றாள், ஆறாம் வகுப்புக்கு எந்தப் பீரியட் போனாள், சிறப்புப் பயிற்றுநர் என்ன சொன்னார், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அந்த நோட்டோடு வைத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஜூனில் அவள் மறுபடி மலர்க் கணக்கிலிருந்து ஆரம்பிப்பாள், புது ஆசிரியருக்கு அவள் பக்கத்துப் பிள்ளையை இழுக்கிற பெண்ணாக மட்டும்தான் தெரிவாள்.

அன்புடன்,
அக்கா