மூட்டை தூக்கினால் இடுப்பு பிடிக்கிறதா?

கேள்வி: கடலூர் முதுநகரில் சிமெண்ட் கடை வைத்திருக்கிறேன். மூட்டை இறக்கும் ஆட்களுக்கு அடிக்கடி இடுப்பு பிடித்துக்கொள்கிறது. பெல்ட் வாங்கித் தரலாமா?

பதில்: பெல்ட் காயத்தைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அந்தக் காசில் தள்ளுவண்டி வாங்குங்கள். மூட்டை 50 கிலோ. எல்லாம் தோதாக அமைந்தாலும், வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியாஷ் (NIOSH) நிறுவனம் ஓர் ஆளுக்குச் சொல்லும் வரம்பு 23 கிலோதான். அதனால் குறைந்தது இருவராகத் தூக்கட்டும்; அப்போதும் ஆளுக்கு 25 கிலோ வருவதால், முடிந்தவரை வண்டியிலேயே நகர்த்தட்டும்.

பெரிய வில்லங்கம், தரையிலிருந்து குனிந்து எடுத்து, கால் நகராமல் இடுப்பை மட்டும் திருப்பிப் போடுவது. முதுகெலும்பின் இடைத்தட்டு (டிஸ்க்) அழுந்திய நிலையிலேயே முறுக்கப்படும். மூட்டை வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். பாதத்தை எடுத்துவைத்துத் திரும்பச் சொல்லுங்கள். அடுக்குக்குக் கீழே 15 முதல் 20 செ.மீ. உயரப் பலகை போட்டால் குனிவது குறையும், முதுநகர் ஈரமும் ஏறாது. 10 மூட்டை உயரத்துக்கு மேல் அடுக்க வேண்டாம். வலி காலுக்கு இறங்கினாலோ மரத்துப்போனாலோ தைலம் போதாது, டாக்டரிடம் அனுப்புங்கள்.