மருதை ஏன் அவ்வளவு தாமதித்தான்?

அன்பின் அண்ணா,

உங்கள் ‘எட்டுப் பேர்’ கதையைப் பாடசாலை விடுமுறையில் வாசித்தேன். செரஸ் குறுங்கோளில் பனி வெட்டும் முகாம், அதை நடத்தும் பெரியவர், அவருக்குக் காற்றுக் கணக்கு எழுதும் மருதை. கசிவு வந்த அன்று, எட்டுப் பேர் உள்ளே இருக்கும்போதே வெளிக்குடிலின் கதவை மூடச் சொல்கிறார் பெரியவர். மூடுவது மருதையின் கை. அதற்குப் பிறகு மூன்று வருடம் செத்தவர்களுக்கும் செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பேர் விழுகிறது. அவர்கள் பங்குக் காற்றைப் பெரியவர் வந்துபோகும் கப்பல்களுக்கு விற்கிறார். அதற்கும் கணக்கு எழுதுவது மருதைதான். அப்படிப்பட்டவன் கடைசி நான்கு பக்கத்தில் பெரியவரைக் காட்டிக்கொடுக்கிறான். எனக்கு இது ஒட்டவே இல்லை. மூன்று வருடம் வராத மனச்சாட்சி ஒரு ராத்திரியில் எங்கிருந்து வந்தது? படத்தில் வில்லனின் அடியாள் கடைசிச் சண்டையில் கட்சி மாறுவது போல இருந்தது.

இன்னொன்று. மாறியதுதான் மாறினான், பெரியவரைத் தூக்கி வெளியே எறிந்திருக்கலாமே? ஒரு நொடியில் வெடித்துச் செத்திருப்பார். அதைவிட்டுக் கணக்கைத் திருத்திக்கொண்டிருக்கிறான்.

ஸ்டாஃப் ரூமில் கதையைக் கொடுத்தேன். “நம்ம ஆட்கள் செரஸுக்குப் போனாலும் அங்கேயும் லயமும் பெரட்டும்தானா?” என்று ஒரு மிஸ் கேட்டார். தோட்டத்து வரிசை வீடுகளையும், காலையில் ஆள் எண்ணும் பெரட்டையும்தான் சொல்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. குறை சொன்னாலும், தமிழ்மொழித் தினப் போட்டிக்கு இதை நாடகமாகப் போட ஆசை. அனுமதி தருவீர்களா?

வி., பொகவந்தலாவை

அன்பின் தம்பி,

கோபமான கடிதம்தான், ஆனால் கதையைக் கவனமாக வாசித்தவரின் கோபம். ஒரே ஒரு இடத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

மருதை நல்லவனாகிவிட்டான் என்று கதையில் எங்கும் இல்லை. கடைசிப் பக்கத்திலும் அவன் பயந்தாங்கொள்ளிதான். அந்தப் பயம் முதலில் என்ன செய்தது என்று இரண்டாம் அத்தியாயத்தில் பாருங்கள். கதவு மூடிய அன்று, கம்பனிக்கு அனுப்பும் கணக்கை எழுதி முடித்த கையோடு, இன்னொரு கொப்பியில் உண்மைக் கணக்கையும் எழுதி மெத்தைக்கு அடியில் வைக்கிறான். இரண்டே வரி. அன்றிலிருந்து ஒரு நாளும் தவறாமல் இரண்டு கணக்கும் எழுதுகிறான். எதற்கு? செத்தவர்களுக்கு நியாயம் வாங்கும் நினைப்பெல்லாம் அப்போது அவனிடம் இல்லை. என்றைக்காவது விஷயம் வெளியே வந்தால் பெரியவர் பழியை முழுவதும் தன் தலையில் கட்டிவிடுவார், அப்போது காட்ட ஏதாவது கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உடந்தையாக இருந்தவன் எதிரே திரும்பினால், அதை மனச்சாட்சி விழித்த கதையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒளித்து வைத்த கொப்பி ஒரு நாள் மற்றவர்களுக்கும் தேவைப்படுகிறது. அன்றைக்கு அதை வெளியே எடுக்கிறானா, இல்லையா என்பதில்தான் எனக்கு அக்கறை. மருதை எடுத்தான். மூன்று வருடம் பிந்தி எடுத்தான். அந்த மூன்று வருடத்தைக் கதையில் யாரும் மன்னிக்கவும் இல்லை. செத்த அன்னத்தின் தங்கை கடைசிவரை அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை, கவனித்தீர்களா?

நம் நாட்டுச் சட்டம் மருதை போன்ற ஆட்களை நன்றாக அறிந்துவைத்திருக்கிறது. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் 133ஆம் பிரிவு, குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவனும் சாட்சி சொல்லத் தகுந்தவனே என்கிறது. அவன் சொல்லை மட்டும் வைத்துக் குற்றவாளி என்று தீர்த்தாலும் அதனாலேயே தீர்ப்பு பிழையாகிவிடாது. ஆனால் அதே சட்டத்தின் 114ஆம் பிரிவுக்குப் போனால், முக்கியமான விவரங்களில் வேறு ஆதாரம் துணைக்கு வராதபோது இப்படிப்பட்டவன் நம்பத்தகாதவன் என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. வா என்று கூப்பிட்டுவிட்டு வாசலிலேயே நிறுத்துகிற மாதிரி. செரஸில் இந்தச் சட்டம் செல்லாது என்பது உண்மை. 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தப்படி, ஒரு விண்கலம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டுக்குத்தான் அதன்மீதும் அதில் உள்ளவர்கள்மீதும் அதிகாரம். இருந்தாலும் மருதை எனக்குக் கிடைத்தது இந்த இரண்டு பிரிவுகளுக்கும் இடையில்தான். அவன் அழுது சொன்னால் போதாது. கொப்பியைக் காட்டினாலும் போதாது, அதுவும் அவன் கையெழுத்துத்தானே. அவனுடைய ஆளாக இல்லாத ஒன்று வந்து ‘ஆமாம்’ சொல்ல வேண்டும்.

விண்வெளியில் அது சுலபமாகக் கிடைக்கிறது. தோட்டத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம், வேலை குறைந்தால் அரைப் பேர். பூமியில் என்றால், இல்லாத ஆளுக்குப் பேர் போடுவது பெரிய வித்தை இல்லை. மூடிய முகாமில் அது நடக்காது. ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.84 கிலோ ஒட்சிசனை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 1 கிலோ காபனீரொட்சைட்டை வெளியே விடுகிறான். செக்ரோலில் 31 பேர் இருந்தால் காற்றைச் சுத்தப்படுத்தும் இயந்திரத்திலும் 31 கிலோவை ஒட்டி ஒரு கணக்கு விழ வேண்டும். விழுந்தது 23. மிச்சம் எட்டுக் கிலோவையும் மூன்று வருடமாக மருதை தன் பேனையாலேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். பெரியவர் மாதம் ஒருமுறை தன் பங்குத் தேயிலைத்தூளை அவனுக்கு ஏன் கொடுத்துவிடுகிறார் என்று இப்போது புரியும். துப்பாக்கி இல்லாமல் அங்கே கொலை செய்துவிடலாம், கணக்கப்பிள்ளை இல்லாமல் அதை மறைக்க முடியாது.

அதனால்தான் அவன் திரும்புவது அவ்வளவு சின்னதாக இருக்கிறது. ஒரு காலை காற்றுப் பத்தியில் 23 என்று எழுதிக் கம்பனிக்கு அனுப்புகிறான். அன்றைக்கு அவன் செய்தது அதுமட்டும்தான். கொப்பியை அதற்கப்புறம்தான் எடுக்கிறான். அப்போது கொப்பியில் உள்ள ஒவ்வொரு நாளையும் சரிபார்க்க இயந்திரத்தின் பதிவு இருக்கிறது.

ஏன் அந்தக் காலை என்று கேட்பீர்கள். அடுத்த மாதத்துச் செக்ரோலில் நான்கு பேருக்கு மட்டும் முழு மாதத்துக்கும் முன்கூட்டியே பேர் போடச் சொல்கிறார் பெரியவர். நான்கு பேரும் பழைய குடிலுக்கு மாற்றப்பட்டவர்கள். வராத நாளுக்கு எப்படிப் பேர் விழும்? மருதைக்கு விளங்கிவிடுகிறது. அந்த நான்கில் அவன் பெயர் இல்லை, வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன். பயம் மட்டும் அவனை ஆட்டியிருந்தால் அன்றைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பான். பயத்துக்கு மேலே என்ன இருந்தது என்று எனக்கே முழுசாகச் சொல்லத் தெரியாது, அதனால் அந்த இடத்தில் அவன் மனதுக்குள் நுழையாமல் கையை மட்டும் எழுதினேன்.

கதவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1997 ஜூனில் மிர் நிலையத்தின்மேல் ஒரு சரக்குக் கலம் மோதி, ஸ்பெக்டர் என்ற பகுதியிலிருந்து காற்று கசிந்தது. வாசல் வழியே ஓடிய கேபிள்களைக் கழற்றியும் வெட்டியும் அந்தப் பகுதியை மூடித்தான் நிலையத்தையும் அதிலிருந்த மூன்று பேரையும் காப்பாற்றினார்கள். ஸ்பெக்டருக்குள் அப்போது ஆள் இல்லை. கசிந்தால் மூடு என்பது சரியான விதி. மருதை மூன்று வருடம் தூங்கியது அந்த விதியின்மேல் தலைவைத்துத்தான். நான் மூடாவிட்டால் எல்லோரும் செத்திருப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான், அது முழுப் பொய்யும் இல்லை. ஓடிவந்துகொண்டிருந்தவர்களுக்காக இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமா என்பதுதான் அவனுக்குப் பதில் தெரியாத இடம். பெரியவர் போன்றவர்கள் இப்படிப்பட்ட அரை உண்மைகளைத்தான் தேடிப் பிடித்துக் கையில் கொடுப்பார்கள்.

அப்புறம் கடன். முகாமுக்கு வந்த செலவு, மகனின் படிப்பு, எல்லாம் பெரியவர் வழியாகத்தான் கம்பனிக் கணக்கில் ஏறியிருக்கிறது. இதற்கு நான் கற்பனை பண்ணவே தேவையிருக்கவில்லை. நம் முன்னோர் மண்டபத்தையும் தலைமன்னாரையும் தாண்டி வரும்போதே பெரிய கங்காணியின் கணக்கில் கடன்காரர்களாகத்தான் வந்தார்கள். இன்ன கடனை அடைத்தால் இவரை விடுவிப்போம் என்று எழுதிய துண்டு கையில் இல்லாமல் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். பெரட்டுக்கு வருகிற ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குக் காசு. ஆளை எண்ணுவதில் காசு இருந்தால் எண்ணுகிறவன் என்னவெல்லாம் செய்வான் என்பதற்குச் செரஸ் வரைக்கும் போக வேண்டியதில்லை.

மிஸ்ஸின் கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பாதி: தோட்டத்திலிருந்து ஓட முடிந்தது. 1865ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லாமல் வேலையை விட்டுப் போவதைச் சிறைக்கு அனுப்பும் குற்றமாக வைத்திருந்தது, அப்படியும் ராத்திரியோடு ராத்திரியாக ஓடினார்கள். ஓட வழியே இல்லாத இடத்தில் உடந்தையாக இருக்கிறவன் என்ன செய்வான் என்று பார்க்கத்தான் எனக்குச் செரஸ் தேவைப்பட்டது. சேதி போய்ச்சேரவே சுமார் கால் மணியிலிருந்து அரை மணிக்கு மேல்கூட ஆகும் தூரம். நாசாவின் டோன் கலம் 2007இல் கிளம்பி, வழியில் வெஸ்டாவைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் செரஸை அடைந்தது 2015இல். பொலிஸ் வரட்டும் என்று அங்கே யாரும் காத்திருக்க முடியாது. இன்னொன்றும் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். நம் நாட்டில் விண்வெளிக் கதை என்றால் கொழும்பு 7இல் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கின் நினைவுதான் வருகிறது. நல்லது. நுவரெலியாப் பக்கம் பனி இல்லாத ராத்திரியில் லயத்து வாசலில் நின்றாலும் அதே வானம்தான் தெரியும், அங்கிருந்து எழுதினால் கதையில் பெரட்டுக்களமும் வரத்தான் செய்யும்.

சரி, தூக்கி எறிவது. தூக்குவது சுலபம். செரஸின் ஈர்ப்பு பூமியினுடையதில் ஏறத்தாழ 35இல் ஒரு பங்கு, 70 கிலோ ஆள் இரண்டு கிலோ மாப் பை மாதிரி இருப்பார். கதவுதான் பிரச்சினை. உள்ளே பூமியின் அளவுக்குக் காற்றமுக்கம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் கதவை ஏறத்தாழ 10 தொன் பாரம் அழுத்திப் பிடித்திருக்கும். உள்பக்கம் திறக்கும் கதவை எந்தக் கோபக்காரனாலும் இழுத்துத் திறக்க முடியாது. வெடிப்பதும் சினிமாவில்தான். 1966இல் ஹியூஸ்டனில் ஒரு வெற்றிட அறையில் சோதனை நடந்தபோது ஒரு தொழில்நுட்பவியலாளரின் விண்வெளி உடையிலிருந்து குழாய் கழன்றுவிட்டது. சுமார் 14 செக்கனில் நினைவு தப்பியது. நாக்கில் எச்சில் கொதித்ததுதான் கடைசியாக ஞாபகம் இருந்தது என்று பிறகு சொன்னார். உடனே காற்றை விட்டதால் பிழைத்துக்கொண்டார்.

ஆனால் திறக்க முடிந்திருந்தாலும் மருதையை அதைச் செய்ய விட்டிருக்க மாட்டேன். ஆளை வெளியே தள்ளிவிட்டுக் கணக்கை நேராக்குவது பெரியவரிடம் அவன் படித்த தொழில். இன்னொரு தடவை அதையே செய்தால் செக்ரோலில் ஒரு பேர் குறையும், 23 என்று யாருக்கும் தெரிய வந்திருக்காது.

நாடகத்துக்குத் தாராளமாக அனுமதி. இரண்டு வேண்டுகோள்தான். பெரியவராக நடிக்கும் பிள்ளையைக் கத்த விடாதீர்கள். கதை முழுவதும் அவர் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்துவதில்லை, ஆட்களைத் ‘தம்பி’, ‘தங்கச்சி’ என்றுதான் கூப்பிடுவார். அடுத்தது, மேடையில் எல்லோரும் அடிக்கடி நெற்றியைத் தேய்த்துக்கொள்ளட்டும். சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே காபனீரொட்சைட்டு நம் வெளிக்காற்றில் இருப்பதைப் போலப் பத்து மடங்கு அளவில் இருந்திருக்கிறது, தலைவலி என்று அங்கே போனவர்கள் முறையிட்டிருக்கிறார்கள். பெரியவரின் முகாமில் இன்னும் மோசமாகத்தான் இருக்கும். பிரதி எழுதியதும் அனுப்புங்கள், காற்றுக் கணக்கு வரும் காட்சிகளில் எண்களை மட்டும் சரிபார்த்துத் தருகிறேன். மிஸ்ஸை அன்னத்தின் தங்கை வேடத்துக்குப் பிள்ளைகளைப் பழக்கச் சொல்லுங்கள். வசனம் குறைவு, நடிப்பது கஷ்டம்.

அன்புடன்,
அண்ணா