பத்து ரூபாய்க்கு எவ்வளவு தூரம் போகலாம்?

(ஒலவக்கோடு (பாலக்காடு ஜங்ஷன்) ரயில் நிலைய டிக்கெட் கவுண்டரில் 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் எங்கள் பத்தியாளர் அக்கா, இந்த இதழில் வீட்டை விட்டு ஓடி வரும் பிள்ளைகள் பற்றி வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: அக்கா, மாமனார் திதிக்கு வருடாவருடம் ஓர் இல்லத்துப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடுவோம். வீட்டை விட்டு வந்து ரயில் நிலையத்தில் தனியாக நின்ற பிள்ளைகள்தான் அங்கே அதிகம். இந்த வருடம், "சாப்பாடு வேண்டாம், அந்தப் பணத்தை எங்கள் களப்பணியாளர் சம்பளத்துக்குக் கொடுங்கள்" என்கிறார்கள். வீட்டுக்காரருக்கு மனசு ஒப்பவில்லை. பிள்ளைகள் வயிற்றுக்குப் போகிற காசு யாரோ ஒருவர் சம்பளத்துக்குப் போவதா என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகி, மீனாட்சிபுரம்

பதில்: சம்பளத்துக்கே கொடுங்கள் அம்மிணி. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு நாலு வருடம், வாரத்தில் மூன்று நாள், பிளாட்பாரத்தில் குழந்தைகள் உதவி மேசையில் உட்கார்ந்தேன். தமிழும் மலையாளமும் தெரியும், ரயில் நேரம் தெரியும், அதுதான் என் தகுதி. ஒரு நாள் காலை ஏழு மணி இருக்கும். ஒரு பையனை ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் கூட்டிக்கொண்டு வந்தார். பன்னிரண்டு வயது. உடுமலைப் பக்கம் ஒரு கிராமம். பள்ளிக்கூடச் சீருடை, முதுகில் புத்தகப் பை. பையைத் திறந்தால் புத்தகம் ஒன்றும் இல்லை. ஒரு துண்டு, ஒரு செல்போன் சார்ஜர், பாதி தின்ற பன். செல்போன் இல்லை, சார்ஜர் மட்டும். எதற்கு எடுத்து வந்தாய் என்று கேட்டதற்கு, "அம்மா கொடுத்தது" என்றான்.

அப்பா இறந்துவிட்டார். அம்மாவும் அவனும் தாய்மாமன் வீட்டில் இருந்தார்கள். மாமன் குடித்துவிட்டு வந்தால் பெல்ட்டை எடுப்பார். சட்டையைக் கழற்று என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அந்தப் பையனுக்கு இல்லத்தில் மூன்று வேளையும் நல்ல சாப்பாடு கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் கொண்டாட வந்தவர்கள் பிரியாணி கொடுத்தார்கள். அந்த இல்லத்து டைரியில் ஞாயிறுகள் எல்லாம் ஆறு மாதம் முன்பே நிரம்பிவிடும். செவ்வாயும் புதனும் காலியாகக் கிடக்கும். ஆனால் அவன் அங்கேயே இருந்துவிட முடியாது, இருக்கவும் கூடாது. அம்மா இருக்கிறாள். வீடு இருக்கிறது. அந்த வீட்டை அவன் திரும்பிப் போகிற மாதிரி ஆக்குவதற்கு ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் ஒரு பெண். முப்பது வயதுகூட ஆகவில்லை. சமூகப்பணி படித்தவள். சம்பளம் 14,000 ரூபாய். குழந்தைகள் நலக்குழு உத்தரவோடு பையனை வீட்டில் சேர்த்த பிறகும், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பஸ் ஏறிப் போவாள். கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி, உடுமலை, அங்கிருந்து டவுன் பஸ். முதல் தடவை மாமனிடம் சட்டத்தைத் தெளிவாகச் சொன்னாள். அதற்குப் பிறகு போனபோதெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு, தென்னை ஓலையில் வெள்ளை ஈ விழுந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள். பையனோடு தனியாகப் பத்து நிமிடம் நடந்துவிட்டு வருவாள். இந்த வீட்டைப் பார்க்க ஒருத்தி தவறாமல் வருகிறாள் என்பதே மாமன் கையைக் கட்டிப் போட்டது.

மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், இப்படிப்பட்ட பிள்ளையைச் சொந்தக் குடும்பத்திலேயே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அந்த அம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. விண்ணப்பம் எழுதி, வருமானச் சான்று வாங்கி, வங்கிக் கணக்கு திறந்து, கூடவே அலைந்தவள் இந்தப் பெண்தான்.

அப்புறம் அந்த அமைப்புக்கு வந்துகொண்டிருந்த நிதி நின்றது. அவள் கோயம்புத்தூரில் வேறு வேலைக்குப் போய்விட்டாள். போகாமல் என்ன செய்வாள், அவளுக்கும் வீடு இருக்கிறது. நாலாம் மாதம் பையன் மறுபடி ஓடினான். இந்தத் தடவை எங்கள் மேசைக்கு வரவில்லை. அவன் அம்மா எனக்குப் போன் செய்து, "உங்க பக்கம் வந்தானாக்கா?" என்று கேட்டாள். பதினொரு நாள் கழித்து எர்ணாகுளத்தில் ஒரு பேக்கரியின் பின்கட்டில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான்.

அந்த நாலு மாதமும் இல்லத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வந்துகொண்டுதான் இருந்தது.

வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். திதிக்கு ஆறாயிரம் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை மாதம் ஐநூறாக, மாமனார் பெயரில், வருடம் முழுக்கக் கொடுங்கள். ஒரே நாளில் மொத்தமாக வரும் பணத்தைவிட, தேதி தவறாமல் வரும் ஐநூறை நம்பித்தான் ஒரு இல்லத்தால் ஆளை வேலைக்கு வைக்க முடியும். இருபத்தெட்டு வீடு இப்படிச் சேர்ந்தால் ஒரு களப்பணியாளரின் மாதச் சம்பளம் வந்துவிடும், பஸ் செலவு மட்டும்தான் பாக்கி. அன்னம் இடாமல் அவர் மனசு ஆறாது என்றால், அதுவும் சரிதான், ஆளில்லாத ஒரு செவ்வாய்க்கிழமையைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். என்ன குறைவாக இருக்கிறது என்று வார்டனிடம் கேட்டுவிட்டுப் போங்கள். பெரும்பாலும் உள்ளாடையும் சானிட்டரி நாப்கினும் சிரங்குக்கு மருந்தும் என்பார்கள். யாரும் அதையெல்லாம் கொண்டுவருவதில்லை.

இன்னொன்று. சாப்பாடு போடும்போது பிள்ளைகளோடு போட்டோ எடுக்காதீர்கள். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையின் பெயரையோ முகத்தையோ வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். சட்டம் இருக்கட்டும். பெல்ட்டுக்குப் பயந்து ஓடி வந்தவன் எங்கே இருக்கிறான் என்று அந்த பெல்ட்டின் சொந்தக்காரர் உங்கள் வாட்ஸாப் ஸ்டேட்டஸைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

கேள்வி: போன மாதம் கோவையில் தன்பாத் – ஆலப்புழை எக்ஸ்பிரஸில் ஏறினேன். கழிவறைப் பக்கம் ஒரு பையன் தனியாக உட்கார்ந்திருந்தான். பத்து வயது இருக்கும். அவன் பேசிய பாஷை எனக்குப் புரியவில்லை. பிஸ்கட்டும் ஐம்பது ரூபாயும் கொடுத்துவிட்டுப் பாலக்காட்டில் இறங்கிவிட்டேன். அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் என்ன செய்திருக்க வேண்டும்?
– ஒரு வாசகர், புதுச்சேரி, கஞ்சிக்கோடு வழி, பாலக்காடு மாவட்டம்

பதில்: தம்பி, உங்களுக்கு இருக்கும் உறுத்தல் எனக்கும் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்ப இதையே எழுதுகிறேன்.

2017 ஜூன். பள்ளிக்கூடம் திறந்த வாரம். கவுண்டரில் நீண்ட வரிசை. ஒரு பையன், தலை மட்டும் தெரிகிறது, கைநிறையச் சில்லறையை உள்ளே தள்ளிவிட்டு, "பத்து ரூபாய்க்கு எவ்வளவு தூரம் போகலாம்?" என்று தமிழில் கேட்டான். வாளையாறு வரைக்கும் போகலாம் என்றேன். "சரி, கொடுங்க" என்றான். கொடுத்தேன். பின்னால் ஒருவர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அடுத்த டிக்கெட் அடிக்கும்போதுதான் அந்தக் கேள்வி மண்டையில் ஏறியது. ஊருக்குப் போகிறவர்கள் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். எழுந்து வெளியே ஓடி வருவதற்குள் பாசஞ்சர் கிளம்பிவிட்டது. அவன் யார், எங்கே இறங்கினான், இன்று வரை தெரியாது.

நீங்கள் செய்திருக்க வேண்டியது 1098-க்கு ஒரு போன். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள். 1996-இல் மும்பையில், டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்திலிருந்து ஜெரூ பில்லிமோரியா தொடங்கிய சைல்டுலைன் இது. பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆகட்டும் என்று பத்து, ஒன்பது, எட்டு என இறங்கிவரும் எண்ணாக வைத்தார்கள். 2023 முதல் மாநில அரசுகளே இதை நடத்துகின்றன, அவசர உதவி எண் 112-உடனும் இணைத்திருக்கிறார்கள். ஓடும் ரயில் என்றால் ரயில்வே உதவி எண் 139-லும் சொல்லலாம், டிக்கெட் பரிசோதகரிடமும் சொல்லலாம். ரயில்வே பாதுகாப்புப் படைக்கு இதற்கென்றே 'நன்ஹே ஃபரிஷ்தே' என்று ஒரு பணி இருக்கிறது, குட்டித் தேவதைகள் என்று அர்த்தம். பெட்டி எண், அடுத்து நிற்கும் நிலையம், பையனின் சட்டை நிறம், இது மூன்றும் போதும். ஏன் வந்தாய், யார் அடித்தார்கள் என்று நீங்கள் துருவ வேண்டாம். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிப் போகவே கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து, ஆள் வரும் வரை பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருங்கள்.

அவசரம் ஏன் என்றால், தனியாக நிற்கும் பிள்ளையை நம்மைவிட வேகமாகக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. "ஓட்டல் வேலை இருக்கு, சாப்பாடும் தங்க இடமும் கொடுப்பாங்க, வர்றியா?" என்று கேட்க அவர்களுக்கு ஒரு நிமிடம் போதும்.

போன் செய்த பிறகு நடப்பது இதுதான். பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் குழந்தைகள் நலக்குழு முன்னால் நிறுத்த வேண்டும். ஒரு தலைவரும் நாலு உறுப்பினர்களும் கொண்ட குழு அது. எங்கே தங்க வைப்பது, எப்போது வீட்டுக்கு அனுப்புவது, அனுப்பலாமா கூடாதா என்பதை அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். வேறு மாவட்டத்துப் பிள்ளை என்றால் அந்த ஊர் நலக்குழுவுக்கு, துணைக்கு ஆள் போட்டு அனுப்புவார்கள்.

பிரிட்டனில் டேவிட் மெய்ட்மென்ட் என்று ஒரு ரயில்வே அதிகாரி இருந்தார். மும்பையில் ஒரு நிலையத்தில் சின்னப் பெண் ஒருத்தி தன்னைத்தானே சாட்டையால் அடித்துக்கொண்டு பிச்சை கேட்டதைப் பார்த்துவிட்டுப் போனவர். அதை மறக்க முடியாமல் 1995-இல் 'ரயில்வே சில்ட்ரன்' என்ற அமைப்பைத் தொடங்கினார். இந்தியாவிலும் அது வேலை செய்கிறது. உறுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அடக்கிவிடாதீர்கள் தம்பி. 1098-ஐ இப்போதே போனில் ஏற்றி வையுங்கள்.

கேள்வி: பணம் கேட்டு வரும் இல்லங்களில் எது உண்மையானது என்று எப்படித் தெரிந்துகொள்வது? வரிச்சலுகை உண்டா?
– ஒரு வாசகர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: பிள்ளைகளைத் தங்க வைக்கும் எந்த இல்லமும் சிறார் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். பதிவு ஐந்து வருடத்துக்குத்தான், தேதியைப் பாருங்கள். பதிவில்லாமல் நடத்துவது குற்றம். சந்தேகம் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அரசு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

சான்றிதழைவிட நான் முக்கியமாக நினைப்பது ஒரு கேள்வி. "போன வருடம் வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்கள், போனவர்களை யார் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்?" இதற்கு ஒரு நோட்டைத் திறந்து பதில் சொல்கிற இடத்துக்குக் கொடுங்கள். "எங்களிடம் நூறு அனாதைகள் இருக்கிறார்கள், வந்து பாருங்கள்" என்று கூப்பிடுகிற இடத்தில் நான் கொடுக்க மாட்டேன். நான் பார்த்த பிள்ளைகளில் அப்பா, அம்மா இருவருமே இல்லாதவர்கள் ரொம்பக் குறைவு.

வரிச்சலுகைக்கு, அந்த அமைப்புக்கு நன்கொடை வரிக்கழிவு அனுமதி (80ஜி என்பார்கள்) இருக்க வேண்டும், நீங்கள் பழைய வரிமுறையில் இருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது.

கேள்வி: அக்கா, நான் தமிழ் மீடியத்தில் படித்து, மலையாளமும் எழுதப் படிக்கக் கற்றவள். கொஞ்சம் தெலுங்கும் வரும். கொடுக்கப் பணம் இல்லை. வேறு ஏதாவது செய்ய முடியுமா?
– ஒரு கல்லூரி மாணவி, கோபாலபுரம்

பதில்: கண்ணு, உன்னைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். மலையாளம் தெரியாத பிள்ளை பாலக்காட்டு நலக்குழு முன்னால் நிற்கும்போது வாயே திறக்காது. "ஊர் எது?" என்று ஐந்து பேர் ஐந்து விதமாகக் கேட்டும் அழுதுகொண்டே இருந்த ஒரு பெண் பிள்ளையிடம், "சாப்ட்டியா சாமி?" என்று நான் கேட்டதும், பழனிக்குப் பக்கத்தில் ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னாள். தெலுங்குப் பிள்ளைகள் வரும்போது எங்கள் மேசையில் ஆளே இருக்காது. பிளாட்பாரத்தில் டீ விற்கிற நெல்லூர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டு வருவோம்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மொழிபெயர்ப்பாளர் பட்டியல் ஒன்று வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆதார், படிப்புச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு போய், மூன்று மொழியும் தெரியும் என்று எழுதிக் கொடு. போலீஸ் சரிபார்ப்பு கேட்பார்கள், சுணங்காதே, பிள்ளைகளுக்காகத்தான் கேட்கிறார்கள். கூப்பிடுவதற்குக் கொஞ்ச நாள் ஆகலாம். ஒரு மாதம் ஆகியும் போன் வரவில்லை என்றால், மறுபடி நேரில் போய் நில்.