பன்னிரண்டரைச் சுற்றும் ஒரு பழைய தோழியும்

கேள்வி: அக்கா, எனக்கு 48 வயது, கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். நானும் என் தோழியும் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டிலிருந்து ஒரே வகுப்பு. அவள் சில வருடமாக மெதுவோட்டம் ஓடுகிறாள். அவள் அம்மா கடைசிவரை டயாலிசிஸ் செய்துகொண்ட நிலையத்துக்கு நிதி திரட்ட, புக்கிட் ஜாலில் அரங்கத்து ஓடுதடத்திலேயே 5 கிலோமீட்டர் ஓட்டம் வைக்கிறார்கள். என்னைக் கேட்காமலே என் பெயரையும் கொடுத்துவிட்டாள். இருவரும் கைகோத்து முடிக்க வேண்டுமாம். எனக்கு இனிப்புநீர் (நீரிழிவு) உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். தித்திவங்சா ஏரியில் பழகினோம். அவள் முன்னால் ஓடுவாள், திரும்பி வந்து "வா வா" என்று இழுப்பாள். போன ஞாயிறு "உனக்காகத்தானே இவ்வளவு மெதுவா ஓடுறேன்" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து அழுதேன். தைப்பூசத்துக்குத் தேர் பின்னாலேயே பத்துமலை வரை நடக்கிறேன், இது மட்டும் ஏன் முடியவில்லை? "இந்த வயசுல ஓட்டம் எதுக்கு, காசைக் கொடுத்துட்டு வீட்டுல இரு" என்கிறார் கணவர். தெரிந்தவர்களிடம் நன்கொடை கேட்கச் சொல்லி ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள், கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. பெயரை எடுத்துவிடட்டுமா? ஓடுவதென்றால் பஞ்சாபி உடையில் ஓடலாமா?
– செந்தூல் வாசகி

பதில்: பெயரை எடுக்காதீர்கள், தங்கச்சி. கைகோத்து முடிக்கிற யோசனையை மட்டும் எடுத்துவிடுங்கள்.

நன்றாக ஓடிப் பழகியவருக்கு வேகத்தைக் குறைத்து ஓடுவது நிஜமாகவே சிரமம். கால் தட்டுப்படும், மூச்சின் தாளம் கெடும். உங்கள் பக்கம் பார்த்தால், அவளுடைய மெது ஓட்டமே உங்களுக்கு உயிரைக் கொடுத்து ஓடுகிற ஓட்டம். சேர்ந்து ஓடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு இருவரும் ஆளுக்கொரு விதமாக அவதிப்படுகிறீர்கள். அந்த அவதியில்தான் "உனக்காகத்தானே" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் குத்திக்காட்டச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

தித்திவங்சாவில் வேறொரு சங்கடமும் இருக்கிறது. ஏரியைச் சுற்றி ஓடும்போது முன்னால் போகிறவர் வளைவில் மறைந்துவிடுவார். பின்தங்கியவர் தனியாகிவிடுவார். அதனால்தான் அவள் திரும்பித் திரும்பி வருகிறாள், நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உணர்கிறீர்கள். அரங்கத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஓடுதடத்தின் உள் லேனில் ஒரு சுற்று 400 மீட்டர், 5 கிலோமீட்டர் என்றால் பன்னிரண்டரைச் சுற்று. அவள் ஒரு சுற்றை இரண்டரை நிமிடத்தில் ஓடுகிறாள், நீங்கள் மூன்றே முக்கால் நிமிடத்தில் முடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவள் மூன்று சுற்று முடிக்கும்போது உங்களுக்கு இரண்டு முடிந்திருக்கும். அதாவது ஏழரை நிமிடத்துக்கு ஒரு தடவை, தன் வேகத்தில் ஓடியபடியே அவள் உங்கள் பக்கத்தில் வந்துவிடுவாள். யாரும் யாரையும் திரும்பி வந்து கூப்பிட வேண்டாம். கடந்து போகும்போது தோளில் ஒரு தட்டு, இல்லையென்றால் ஒரு கேலி, அவ்வளவுதான். நடுவில் எங்கே நிமிர்ந்து பார்த்தாலும் எதிர்ப்பக்கத்தில் அவள் ஓடுவது தெரியும். சாலை ஓட்டத்தில் இந்த வசதி கிடைக்காது. ஒரே தடத்தில் ஓடினாலே சேர்ந்து ஓடின மாதிரிதான் என்று நான் நினைக்கிறேன்.

இந்தக் கணக்குப்படி அவள் முப்பத்தொரு நிமிடத்தில் முடித்துவிடுவாள், உங்களுக்கு நாற்பத்தேழு நிமிடம் ஆகும். முடித்தவள் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, உங்கள் கடைசி இரண்டு சுற்றில் கூட நடக்கலாம். அப்போது அவளுக்கு நேரக் கவலை இருக்காது, உங்களுக்கும் யாரையோ நிறுத்தி வைத்த உறுத்தல் இருக்காது. முடித்தவர்கள் மறுபடி தடத்தில் இறங்க விடுவார்களா என்று மட்டும் முன்கூட்டியே ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். காலில் நேரம் பதியும் சிப் கட்டியிருந்தால் சில இடங்களில் விடமாட்டார்கள்.

எந்த லேனில் ஓடுவது என்பதையும் கேளுங்கள். இதில் மெதுவாகப் போகிறவர்களுக்கு ஓர் அநியாயம் நடக்கும். வேகமாக வருகிறவர்களுக்கு உள் லேனை விட்டுக்கொடுப்பது தடத்து மரியாதை, சரி. ஆனால் எட்டாவது லேனில் ஒரு சுற்று ஏறக்குறைய 454 மீட்டர். பன்னிரண்டரைச் சுற்றையும் அங்கேயே நடந்தால் 650 மீட்டருக்கு மேல் கூடுதலாக நடந்திருப்பீர்கள். மெதுவாகப் போகிறவருக்கே நீளமான பந்தயம்! இரண்டாவது, மூன்றாவது லேனில் இருங்கள், பின்னால் காலடிச் சத்தம் கேட்டாலும் பதறி ஒதுங்காதீர்கள். சுற்றிக்கொண்டு போவது கடந்து போகிறவரின் வேலை.

சுற்றை எண்ணுவது பார்க்கத்தான் சுலபம். ஆறாவதா ஏழாவதா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். வீட்டில் கறிவேப்பிலைக் கட்டோடு வரும் ரப்பர் பேண்டில் பன்னிரண்டை எடுத்து இடது மணிக்கட்டில் தளர்வாகப் போட்டுக்கொள்ளுங்கள். தொடக்கம் மைதானத்தின் எதிர்ப்பக்கத்தில் இருக்கும், ஏனென்றால் அந்த அரைச் சுற்று முதலில் வரும். முடிவுக் கோட்டை முதல் தடவை தாண்டும்போது இன்னும் பன்னிரண்டு சுற்று பாக்கி. பிறகு ஒவ்வொரு தடவை தாண்டும்போதும் ஒன்றைக் கழற்றி வலது கைக்கு மாற்றுங்கள். தோழி கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டியிருப்பாள், வளைந்து வளைந்து ஓடும் தடத்தில் அது தூரத்தைக் கொஞ்சம் தப்பாகவே காட்டும். ரப்பர் பேண்டை நம்புங்கள்.

தைப்பூசத்துக்கு வருகிறேன். மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குச் சுமார் 15 கிலோமீட்டர். தேர் நின்று நின்று போகிறது, வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், மோர், பானகம். ராத்திரி முழுக்க நடந்தாலும் மூச்சு வாங்காது. ஆக, உங்கள் காலில் குறையில்லை, மூச்சுக்குத்தான் பழக்கமில்லை. அதற்கு ஓடுதடத்தின் வடிவமே நல்ல வாத்தியார். நேராக இருக்கும் இரண்டு பக்கமும் 84 மீட்டர் சொச்சம், வளைவு ஒவ்வொன்றும் சுமார் 116 மீட்டர். நேர்ப்பக்கத்தில் மெதுவாக ஓடுங்கள், வளைவில் நடங்கள். முதல் சுற்றிலேயே அப்படி நடக்க வேண்டும். களைத்த பிறகு நடப்போம் என்று விட்டால் நாலாவது சுற்றிலேயே ஓய்ந்துவிடுவீர்கள். வாரத்தில் மூன்று நாள் இப்படிப் பழகினால் போதும். ஏரிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, பக்கத்துப் பள்ளித் திடலில் போட்டி விளையாட்டுக்குப் போட்ட சுண்ணாம்புக் கோடு அழியாமல் இருந்தால் அதுவே போதும்.

இனிப்புநீரைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஓட்டத்துக்கு முன் உங்கள் கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். சில மாத்திரைகளைச் சாப்பிட்டுவிட்டு வெறும் வயிற்றில் ஓடினால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். சில மாத்திரைகளில் அந்தப் பயம் குறைவு. உங்களுடையது எது, அன்று காலை என்ன பசியாறுவது, மாத்திரையை எப்போது போடுவது, எல்லாவற்றையும் அவர்தான் சொல்ல வேண்டும். கை நடுங்கினால், குளிர்ந்து வியர்த்தால், கண் இருட்டினால் "இந்தச் சுற்றை முடித்துவிடுகிறேன்" என்று பார்க்காதீர்கள். நின்று, மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடியுங்கள். கலக்கி ஒரு சின்ன போத்தலில் தடத்தின் ஓரம் வைத்துக்கொள்ளுங்கள், அது எங்கே இருக்கிறது என்று தோழிக்கும் தெரியட்டும். நெஞ்சு இறுகினாலோ வலித்தாலோ சர்க்கரைத் தண்ணீரில் காலம் கடத்தாமல் உடனே மருத்துவ உதவிக் கூடாரத்துக்குப் போக வேண்டும். புதுச் சப்பாத்து வாங்கி அன்றே போடாதீர்கள். ஓடி முடித்ததும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். இனிப்புநீர்க்காரர்களுக்குச் சின்னக் கொப்புளமும் சின்னது இல்லை.

இப்போது தோழி. உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது, ஊகம்தான். டயாலிசிஸ் என்பது பெரும்பாலானவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அம்மாவைக் கூட்டிப்போய், ஊசி குத்தும்வரை கையைப் பிடித்துக்கொண்டு, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் அவள். நம் நாட்டில் சிறுநீரகம் செயலிழக்க முதல் காரணம் இனிப்புநீர். அந்த நிலையத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்தவளுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும். உங்களைக் கேட்காமல் உங்கள் பெயரைக் கொடுத்தது உங்கள்மேல் இருக்கிற பயத்தினாலாகக்கூட இருக்கலாம். "உன் இனிப்புநீரை நினைச்சா எனக்குப் பயமா இருக்குடி" என்று சொல்லத் தெரியாதவர்கள்தான் படிவத்தில் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுக் கையைப் பிடித்து இழுப்பார்கள்.

அதனால் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) எழுதாதீர்கள். நேரில் போங்கள், பசியாறப் போகிற கடையில் உட்கார்ந்து பேசுங்கள். ஏறக்குறைய இப்படி: "நீ உன் வேகத்துல ஓடு. அம்மாவை நினைச்சு ஓடுறே, நல்லா ஓடணும் நீ. நான் என் வேகத்துல வரேன். ஒவ்வொரு தடவை தாண்டும்போதும் ஒரு சத்தம் குடு. எனக்காக மெதுவா ஓடுறேன்னு மட்டும் இனிமே சொல்லாத, அன்னைக்கு அது எனக்கு வலிச்சுது." கடைசி வாக்கியத்தை விழுங்கிவிடாதீர்கள். அதைச் சொல்லாமல் மற்றதை எல்லாம் சொன்னால், நீங்கள் கோபத்தில் ஒதுங்குகிறீர்கள் என்றுதான் அவளுக்குப் படும். அதற்குப் பிறகும் அவள் "இல்ல, நான் உன்கூடத்தான் வருவேன்" என்று மனதாரச் சொன்னால், வரட்டும். அது அவளாக எடுத்த முடிவு, பழியை நீங்கள் தூக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

உங்கள் கணவரிடம் ஒரு தகவல் சொல்லுங்கள். அந்த 400 மீட்டரை, அதே ஒரு சுற்றை, 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஓடித் தங்கம் வாங்கியவர் நம் மலேசிய ஓட்டக்காரி எம். ராஜமணி. "இந்த வயசுல" என்று கணவர் மறுபடி ஆரம்பித்தால், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். போத்தலையும் பையையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. பார்க்கிறவர்கள் சிரிப்பார்களோ என்ற கூச்சமும் உங்களுக்கு இருக்கும். 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டிய அரங்கம் அது, 85,000 பேருக்கு மேல் உட்காரலாம். நிதி ஓட்டத்துக்கு வருகிற கூட்டம் அதன் ஒரு மூலைக்குக் காணாது. வந்தவர்களும் தங்கள் வீட்டு ஆளைப் படம் பிடிப்பதிலேயே மும்முரமாக இருப்பார்கள்.

நன்கொடைத் தாளில் உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது. நம் ஆட்களிடம் காசு கேட்டால் முதலில் "யாருக்கு, எந்தச் சங்கம்?" என்பார்கள். கேட்கட்டும், கேட்பது நல்லதுதான். நிலையம் முறையாகப் பதிவு பெற்றதா, நன்கொடைக்கு வரிவிலக்கு ரசீது தருவார்களா என்று முதலில் நீங்கள் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கத்தை உங்கள் கைக்கோ உங்கள் சொந்த வங்கிக் கணக்குக்கோ வாங்காதீர்கள். நிலையத்தின் கணக்கு எண்ணைக் கொடுத்து நேராக அங்கே போடச் சொல்லுங்கள். முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி வசூலிக்கக் கிளம்பாதீர்கள், அதற்கு இங்கே உரிமம் வேண்டும், 1947-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. அண்ணன், தம்பி, வேலையிடத்தில் ஒன்றிரண்டு பேர், தாமானில் (குடியிருப்பில்) பேசிப் பழகிய நாலு வீடு போதும். ஆளுக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தாலும் காசுதான். "சுற்றுக்கு ஒரு வெள்ளி" என்று கேட்டுப் பாருங்கள், பன்னிரண்டரை வெள்ளிக்குச் சில்லறை தேடுகிற சோம்பலில் பலர் பதினைந்தாகப் போட்டுவிடுவார்கள்.

செந்தூலிலிருந்து புக்கிட் ஜாலிலுக்கு ரயில் மாற வேண்டாம், எல்ஆர்டி நேரே போகிறது. ஞாயிறு காலை முதல் ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் முந்தின நாளே பாருங்கள், பிந்திவிடும் என்றால் கணவரின் கார். அரங்கத்துக் கிண்ணத்துக்குள் காற்று அதிகம் வராது, எட்டரைக்கு மேல் வெயில் ஏறிவிடும், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். புகைமூட்டமாக இருந்து காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டியிருந்தால் போகாதீர்கள், பணம் கட்டியாயிற்றே என்று பார்க்காதீர்கள்.

பஞ்சாபி உடையில் தாராளமாக ஓடலாம், துப்பட்டாவை வீட்டில் வைத்துவிட்டு. கால்சட்டை அகலமாக இருந்தால் காலில் சிக்கும், கணுக்காலில் ஒட்டி நிற்கிற மாதிரிப் பாருங்கள். பருத்தி வியர்வையில் கனத்துத் தொடையை உரசும், உரசுகிற இடத்தில் முன்கூட்டியே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். ஏற்பாட்டாளர்கள் கொடுக்கும் சட்டையைத்தான் போட வேண்டும் என்றால் வழக்கத்தைவிட ஓர் அளவு பெரியதாகக் கேளுங்கள், அந்தச் சட்டைகள் எப்போதும் சின்னதாகவே வருகின்றன.