மருத்துவமனைகளுக்குப் பொதுவான ஆன்லைன் அறிமுகப் பயிற்சி என்றால் என்ன?

நர்சிங், பிசியோதெரபி போன்றவை படிக்கும் மாணவர்கள் வார்டுக்குள் கால் வைக்கும் முன் முடிக்க வேண்டிய பாதுகாப்புப் பாடம்தான் அறிமுகப் பயிற்சி. ஒரு வட்டாரத்து மருத்துவமனைகள் சேர்ந்து ஒரே பாடத்தை ஆன்லைனில் வைத்து, ஒருமுறை தேறினால் எல்லா இடத்திலும் ஏற்றுக்கொள்வதே பொதுவாக்குதல்.

காரணம் எளிது. மாணவர்கள் பயிற்சிக்காக மருத்துவமனை மாறிக்கொண்டே இருப்பார்கள். பாடத்தின் பெரும்பகுதி மாறாது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கை சுத்தத்துக்கு 5 தருணங்கள் உண்டு: நோயாளியைத் தொடும் முன், தொட்ட பின், கிருமி படாமல் செய்ய வேண்டிய சிகிச்சைக்கு முன், உடல் திரவம் பட வாய்ப்பிருந்த வேலைக்குப் பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். எங்கே போனாலும் இதேதான். இதையே நான்காவது முறை கேட்கும் மாணவர் வீடியோவை ஓடவிட்டு போனைத்தான் பார்ப்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது!

ஓட்டுநர் உரிமம் மாதிரி. சிவப்பு விளக்குக்கு நிற்க ஊருக்கு ஊர் தேர்வு எழுதுவதில்லை. புது ஊரில் எந்தத் தெரு ஒருவழி என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.

சரி, ஆன்லைனில் தேறினால் நேரே வார்டுக்குப் போய்விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அவசர வழி, தீயணைப்பான், அவசர அழைப்பு எண் இதெல்லாம் அந்தந்த மருத்துவமனையில்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.